நீச்சல் குளத்துக்குச் சோலார் சூடு: கான்கிரீட் போடும் முன்பே முடிவெடுக்க வேண்டியவை

குளம் கட்டுகிறவர்களில் பலர், தண்ணீரைச் சூடேற்றுவது பற்றி முதல் குளிர்காலம் வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். குளம் அழகாக இருக்கிறது, ஆனால் யாரும் இறங்குவதில்லை. அப்போது சோலார் பேனல் வாங்கப் போனால், பேனல் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குப் போகும் பைப்பை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் வேலை நின்றுவிடுகிறது. குளத்தைச் சுற்றிப் போட்ட கல் தளத்தை உடைக்க வேண்டும், பம்ப் ரூமில் ஒரு வால்வு வைக்கக்கூட இடமில்லை, மேலே மூடி போடலாம் என்றால் குளத்தின் வளைந்த வடிவம் இடம் கொடுக்கவில்லை.

பேனலை எந்த வருடமும் வாங்கலாம். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போக வேண்டியதைப் பிறகு வாங்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டி, சோலாரை இப்போதே போடப்போகிறவர்களுக்கு எவ்வளவு தேவையோ, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கும் அவ்வளவு தேவை. ஒரு சொல் விளக்கம்: இங்கே பேனல் என்றால் தண்ணீர் உள்ளே ஓடிச் சூடாகும் பேனல். மின்சாரம் தயாரிப்பதை மின் பேனல் என்றே குறிப்பிடுகிறேன்.

படி 1: எத்தனை டிகிரி, எத்தனை மாதம்?

முதலில் வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள். போட்டி நீச்சலுக்குச் சர்வதேச விதிகள் சொல்லும் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். வேகமாக நீந்துகிறவருக்கு அது போதும். குழந்தைகள் விளையாட 29, 30 டிகிரி வேண்டும். முழங்கால் வலிக்காகத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யும் பெரியவர்கள் 32 டிகிரி கேட்பார்கள்.

கோடைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மாதம் நீட்டித்தால் போதுமா, ஆண்டு முழுவதும் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு விடைகளும் பேனலின் வகை, பரப்பு, சாய்வு எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இவற்றைக் கேட்காமலேயே "இத்தனை பேனல் போதும்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

படி 2: சூடு எங்கே போகிறது என்று கணக்கிடுங்கள்

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 32 சதுர மீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 45,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 யூனிட் வெப்பம் வேண்டும் (மின் மீட்டரில் வரும் அதே யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி). ஆக, இந்தக் குளம் முழுவதையும் ஒரு டிகிரி உயர்த்த 52 யூனிட்.

இப்போது இழப்பைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் வெப்பத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த குளத்தில், காற்றடிக்கும் ஒரு நாளில் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்குவது சாதாரணம். 32 சதுர மீட்டருக்கு அது 160 லிட்டர். வெப்பக் கணக்கில் 107 யூனிட். ஒரே நாளில் இரண்டு டிகிரி!

வரவுப் பக்கம் என்ன? ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 5 யூனிட் வெயில் விழும் தெளிந்த நாள் என்று வையுங்கள். குளத்தின் பரப்பில் முக்கால் பங்கு, அதாவது 24 சதுர மீட்டர் பேனல், விழும் வெயிலில் 60 சதவீதத்தைப் பிடித்தால் 72 யூனிட் கிடைக்கும். குளத்துக்குள் நேரடியாக விழும் வெயிலும் சும்மா போவதில்லை. அதில் பெரும்பகுதியைத் தண்ணீரும் தரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. நாள் முழுவதும் வெயிலில் இருக்கும் குளத்துக்கு அது பேனல் தருவதைவிட அதிகமாகவே இருக்கும்.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெளிவாகிவிடும். ஆவியாதலை அப்படியே விட்டுவிட்டுப் பேனல் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. குளங்கள் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாதலால் போவதாக அமெரிக்க எரிசக்தித் துறையும் சொல்கிறது. மீதியில் பெரும்பங்கு இரவு வானத்துக்குக் கதிர்வீச்சாகப் போகிறது. சுவர், தரை வழியாக மண்ணுக்குப் போவது கொஞ்சம்தான். நிலத்தடி நீர் உயர்ந்து குளத்தின் அடியைத் தொட்டு ஓடும் இடத்தில் மட்டும் அந்தக் கொஞ்சம் பெரிதாகிவிடும். அப்படிப்பட்ட இடத்திலும், தரைமட்டத்துக்கு மேல் சுவர் தெரியும்படி கட்டும் குளத்திலும், சுவருக்கு வெளியே வெப்பக்காப்புப் பலகை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அதையும் கட்டும்போது மட்டுமே செய்ய முடியும்.

படி 3: மூடியை முடிவு செய்துவிட்டுக் குளத்தின் வடிவத்தை வரையுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். வழக்கம் என்னவோ நேர்மாறாக இருக்கிறது. வளைந்து நெளிந்த வடிவத்தில் குளத்தைக் கட்டிவிட்டு, பிறகு மூடி தேடுகிறார்கள்.

மூடி விரித்திருக்கும் நேரத்தில் ஆவியாதல் கிட்டத்தட்ட நின்றுவிடும். சூடேற்றும் செலவு பாதிக்கும் மேல் குறையும். ஆனால் தினமும் விரித்து, தினமும் சுருட்டினால்தான் அந்தப் பலன். 32 சதுர மீட்டர் மூடியை ஒருவரே கையால் இழுப்பதற்கு முதல் மாதம் இருக்கும் உற்சாகம் மூன்றாம் மாதம் இருக்காது. சுருட்டும் உருளை வேண்டும். இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும் தானியங்கி மூடி என்றால் இன்னும் நல்லது. அதற்கு நீள்சதுரக் குளம் வேண்டும், இரண்டு நீளப் பக்கங்களும் இணையாக இருக்க வேண்டும், ஒரு முனையில் உருளையும் மோட்டாரும் உட்கார ஒரு பள்ளம் கட்ட வேண்டும். அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்காமல் வெளியேற ஒரு வடிகால் பைப்பும் வேண்டும். மூடி தயாரிப்பவரின் அளவு வரைபடத்தை, கம்பி கட்டுவதற்கு முன்பே வாங்கிக் காண்ட்ராக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்று தானியங்கி மூடிக்கு வசதியில்லை என்றாலும், நீள்சதுர வடிவமும் ஒரு முனையில் உருளைக்கு இரண்டு மீட்டர் காலி இடமும் விட்டு வைப்பதற்குத் தனியாகச் செலவில்லை.

மூடியின் வகையைப் பற்றிச் சுருக்கமாக: குமிழ் வைத்த, ஒளி ஊடுருவும் மூடி பகலில் வெயிலை உள்ளே விடும். குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். தடித்த நுரை மூடி இரவில் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், பகலில் வெயிலைத் தடுத்துவிடும். அதனால் அதைக் காலையில் கட்டாயம் எடுக்க வேண்டும்.

நீர் ஒரு பக்கம் வழிந்து விழும் விளிம்பு, அருவி, நீரூற்று இவையெல்லாம் ஆவியாதலைக் கூட்டும் சமாச்சாரங்கள். ஆசைப்பட்டால் வையுங்கள். ஆனால் தனிப் பம்ப்பும் தனி வால்வும் வைத்து, வேண்டாத நேரத்தில் முழுமையாக நிறுத்தும்படி அமையுங்கள். இரவெல்லாம் ஓடும் அருவி, பகல் முழுக்கப் பேனல் சேர்த்ததைக் காலி செய்துவிடும்.

படி 4: குளத்தை எங்கே வைப்பது

மனையில் நண்பகல் நேரத்தில் நிழல் விழாத இடம். காற்று வரும் திசையில் சுவரோ, அடர்ந்த வேலியோ, செடிவரிசையோ இருக்கலாம். ஆனால் அதன் நிழல் குளத்தில் விழக்கூடாது. இலை உதிர்க்கும் மரத்தைப் பக்கத்தில் வைத்தால் ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையோடு மேல்நீரை உறிஞ்சும் வாய்) தினமும் அடைக்கும். கருநீலம், சாம்பல் போன்ற அடர் நிறப் பூச்சு வெள்ளையைவிட வெயிலை அதிகம் பிடிக்கும். ஆனால் தண்ணீருக்கு அடியில் இருப்பவரைச் சட்டென்று பார்ப்பது கடினமாகும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் அடர் நிறத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: எந்தப் பேனல்

வீட்டுக் குளியலறைக்கு வைக்கும் கண்ணாடிப் பேனலோ, வெற்றிடக் குழாயோதான் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அவை 60 டிகிரி வெந்நீருக்கானவை. குளத்துக்கு வேண்டியது 28 டிகிரி. தண்ணீருக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்கும்போது, பேனலிலிருந்து வெளியேறும் சூடும் குறைவு. தடுக்க வேண்டிய இழப்பே சிறிதென்றால் கண்ணாடிக்கு வேலை இல்லை. அதனால்தான் கண்ணாடி இல்லாத கறுப்புப் பாலிபுரொப்பிலீன் பேனலும், ரப்பர் பாய் போன்ற இபிடிஎம் பேனலும் குளங்களுக்குப் பொதுவாகப் பயன்படுகின்றன. விலை குறைவு, எடை குறைவு, குளோரினும் உப்பும் அவற்றை அரிப்பதில்லை.

கடுங்குளிர்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் சூடு வேண்டும் என்றால் மட்டும் கண்ணாடிப் பேனலுக்குப் போகலாம். அதில் செம்புக் குழாய் இருந்தால் குளத்து நீரை நேரடியாக விடாதீர்கள். நீரின் அமிலத்தன்மை கொஞ்சம் கூடினாலே செம்பு கரைந்து, குளத்தின் பூச்சில் நீலப்பச்சைக் கறை படியும். இடையில் ஒரு வெப்பமாற்றி, அதாவது இரண்டு நீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி, வைக்க வேண்டும். உப்புநீர்க் குளமென்றால் அது டைட்டானியத்தில் இருப்பது நல்லது. பம்ப் ரூமில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

படி 6: பரப்பும் கூரையும்

பொதுவாகச் சொல்லப்படும் அளவு, குளத்தின் பரப்பில் 50 முதல் 100 சதவீதம். மூடி போட்ட, காற்றடிக்காத, வெப்பமான பகுதிக் குளத்துக்குப் பாதி போதும். மூடி இல்லாத, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்துக்குக் குளத்தின் அளவுக்குச் சமமாக, சில சமயம் அதற்கு மேலும் வேண்டும். இப்போது குறைவாகப் போட்டாலும், முழு அளவுக்கான இடத்தைக் கூரையில் ஒதுக்கி, முழு அளவுக்கான பைப்பைப் போட்டுவிடுங்கள்.

பேனல் நிலநடுக்கோட்டை நோக்கிப் பார்க்க வேண்டும். வடகோளத்தில் தெற்கு நோக்கி, தென்கோளத்தில் வடக்கு நோக்கி. 45 டிகிரி வரை கிழக்கிலோ மேற்கிலோ திரும்பினால் பெரிய நட்டமில்லை. நாளின் கடைசியில் நீந்துகிறவர்களுக்கு மேற்குப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருப்பது சாதகமும்கூட. சாய்வு, ஆண்டு முழுவதற்கும் என்றால் உங்கள் அட்சரேகை அளவு. கோடையை ஒட்டிய மாதங்களுக்கு அதிலிருந்து 10, 15 டிகிரி குறைவு. குளிர்காலத்துக்கு அதே அளவு கூடுதல். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் திசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தட்டையான மாடியில், தண்ணீர் வடியும் அளவுக்குச் சாய்த்தாலே நன்றாக வேலை செய்யும்.

கண்ணாடியில்லாப் பேனல், தண்ணீர் நிரம்பியிருந்தாலும் சதுர மீட்டருக்குப் பத்து கிலோவைத் தாண்டுவது அரிது. எடையைவிடக் காற்று தூக்குவதுதான் ஆபத்து. புயல் வரும் பகுதியென்றால், பட்டைகளையும் பிடிமானங்களையும் கூரையின் வலுவான உறுப்புகளில் பிணைக்க வேண்டும். வெறும் ஓட்டிலோ தகரத்திலோ ஸ்க்ரூ அடித்தால் நிற்காது. புதுக் கட்டடம் என்றால் அந்தப் பிடிமானங்களைக் கூரை போடும்போதே வைக்கலாம். பழைய கூரை என்றால் வாட்டர் ப்ரூஃபிங்கை முதலில் முடியுங்கள். பேனல் போட்ட இரண்டே வருடத்தில் கூரை ஒழுகினால் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

கூரையே கட்டாயமில்லை. வண்டி நிறுத்தும் கொட்டகை, பம்ப் ரூமின் மேல்தளம், வெயில் படும் சரிவு, எதுவானாலும் சரி. நீர்மட்டத்திலிருந்து உயரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பம்ப்பின் வேலை சுலபம்.

படி 7: மண்ணுக்கு அடியில் போகும் பைப்

சோலார் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள்கூடச் செய்ய வேண்டியது இது. பம்ப் ரூமிலிருந்து பேனல் வரப்போகும் கட்டடத்தின் அடி வரை இரண்டு பைப்புகள், ஒன்று போக, ஒன்று வர. பக்கத்திலேயே சென்சார் வயருக்கு ஒரு காலி கண்டுயிட் பைப், உள்ளே இழுப்புக் கயிறோடு. குளத்துப் பைப்புக்குத் தோண்டும் அதே பள்ளத்தில் இவையும் போய்விடும். பைப் விலையைத் தவிர வேறு செலவு அதிகமில்லை.

விட்டம் எவ்வளவு? கண்ணாடியில்லாப் பேனலுக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் ஓட வேண்டும். நம் 24 சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 72 முதல் 96 லிட்டர். 50 மில்லிமீட்டர் பைப்பில் இது நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ உள்ள வேகத்தில் அலுங்காமல் ஓடும். 40 மில்லிமீட்டரிலும் ஓடும், ஆனால் தூரம் கூடக் கூட உராய்வு பம்ப்பைத் தின்னும். புதைக்கிற பைப்பில் ஒரு அளவு பெரிதாகவே போடுங்கள். எல்போக்களைக் குறையுங்கள், முடிந்த இடத்தில் நீள வளைவு போடுங்கள்.

பேனல் பக்கத்திலிருந்து பம்ப் ரூம் வரை சீராகச் சரிவு இருக்கட்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். உறைபனி வரும் ஊரில் அந்த இடத்தில்தான் பைப் வெடிக்கும். உறைபனி இல்லாத ஊரிலும், வாரக்கணக்கில் நிற்கும் தண்ணீர் பாசி பிடிக்கும். பள்ளமான இடம் தவிர்க்க முடியாதது என்றால் அங்கே ஒரு வடிகால் வால்வு வையுங்கள்.

இரண்டு முனைகளிலும் எண்ட் கேப் ஒட்டி, மண் மூடுவதற்கு முன்னால் அழுத்தச் சோதனை செய்து, அளவுமானியின் முள் சில மணி நேரம் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பாருங்கள். மூடிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. பள்ளம் திறந்திருக்கும்போதே, அளவு நாடாவைப் பக்கத்தில் விரித்து, அசையாத ஒரு சுவர் மூலையிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி படங்கள் எடுங்கள். முனைகளில் "சோலார் போக", "சோலார் வர" என்று அழியாத மையில் எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு பிளம்பர் வந்து நிற்கும்போது, அந்த இரண்டு சொற்கள் ஒரு நாள் வேலையை மிச்சம் செய்யும்.

வெயிலில் தெரியும் பிவிசி பைப்புக்குத் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட் பூசுங்கள், இல்லையென்றால் வெளிறி நொறுங்கும். தண்ணீர் ஓடாமல் வெயிலில் காயும் கறுப்புப் பேனல் 70 டிகிரியைத் தாண்டிவிடும். சாதாரண பிவிசி 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அதனால் பேனலை ஒட்டிய இணைப்புகளுக்குப் பேனல் தயாரிப்பாளர் சொல்லும் பொருளையே பயன்படுத்துங்கள். கண்ணாடிப் பேனலில் வெப்பம் 100 டிகிரிக்கும் மேலே போகும், அதன் பக்கத்தில் பிவிசியே கூடாது.

கூரையில் பைப்பை இணைக்கும் முறையும் முக்கியம். தண்ணீர் கீழ் மூலையில் நுழைந்து, குறுக்கே எதிர்ப்பக்க மேல் மூலையில் வெளியேற வேண்டும். அப்போதுதான் எந்தப் பேனல் வழியாகப் போனாலும் நீருக்குத் தூரம் ஒன்றாக இருக்கும், எல்லாப் பேனலிலும் சமமாக ஓடும், உள்ளே உள்ள காற்றும் மேலே தள்ளப்படும். பைப் செலவை மிச்சம் பிடிக்க நுழைவையும் வெளியேற்றத்தையும் ஒரே பக்கத்தில் வைத்தால், அந்தப் பக்கத்துப் பேனல்கள் குளிர்ந்து, மறுபக்கம் கொதித்துக்கொண்டிருக்கும்.

படி 8: பம்ப் ரூமில் வரிசை

வரிசை இதுதான்: பம்ப், ஃபில்டர், நான்-ரிட்டர்ன் வால்வு, மூவழி வால்வு (தண்ணீரைப் பேனலுக்கோ நேராகக் குளத்துக்கோ திருப்புவது), பேனலிலிருந்து திரும்பும் பைப் சேரும் T வடிவ இணைப்பு, துணை ஹீட்டர் இருந்தால் அது, கடைசியில் குளோரின் சேர்க்கும் கருவி.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஃபில்டருக்குப் பிறகு பேனல் வருவதால், அதன் மெல்லிய குழாய்களில் அழுக்கு அடைக்காது. பம்ப் நின்றதும் பேனலில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும். நான்-ரிட்டர்ன் வால்வு இல்லையென்றால் அது ஃபில்டருக்குள் பின்பக்கமாகப் புகுந்து, பிடித்துவைத்த அழுக்கைக் கிளறி ஸ்கிம்மர் வழியாகக் குளத்துக்கே கொண்டுபோய்விடும். துணை ஹீட்டர் பேனலுக்குப் பிறகு வந்தால்தான் வெயில் கொடுத்தது போக மீதியை மட்டும் அது கொடுக்கும். குளோரின் கருவி கடைசியில் இருப்பதால், அடர்ந்த குளோரின் வேறெந்தக் கருவிக்குள்ளும் போகாது.

திரும்பி வரும் பைப்பிலும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். பேனலைத் தவிர்த்துத் தண்ணீர் ஓடும்போது அது பின்வழியாகக் கூரைக்கு ஏறாமல் தடுக்க. போகும் பைப், வரும் பைப் இரண்டிலும் கையால் மூடும் வால்வும் இருக்கட்டும். பேனல் ஒழுகினால், அதைத் துண்டித்துவிட்டுக் குளத்தை வழக்கம்போல ஓட்டலாம்.

சோலாரைத் தள்ளிப்போடுகிறவர்கள் இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஃபில்டருக்கும் அடுத்த கருவிக்கும் நடுவில் ஒரு மீட்டர் நேர்ப் பைப் விட்டுவைப்பது. காண்ட்ராக்டர்கள் இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டிப் பொருத்துவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிறகு வால்வு நுழைக்கப் போனால் பாதி இணைப்பை அறுத்துப் போட வேண்டும்.

படி 9: பம்ப் தேர்வு

"மூன்று மாடி உயரம் ஏற்ற வேண்டுமே, பெரிய மோட்டார் போடுவோம்" என்பது பொதுவான தவறு. முதல் முறை பேனல் நிரம்பும்போது மட்டுமே பம்ப் முழு உயரத்தையும் தூக்க வேண்டும். நிரம்பிய பிறகு இறங்குகிற தண்ணீரின் எடை ஏறுகிற தண்ணீரை இழுத்துக்கொடுக்கும். அப்புறம் பம்ப் சமாளிக்க வேண்டியது பெரும்பாலும் உராய்வை மட்டும்தான்.

வேகத்தை மாற்றக்கூடிய பம்ப்தான் இதற்கு ஏற்றது. ஆனால் அதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரத் தேவை எட்டில் ஒரு பங்காகும். தூக்கும் உயரமோ நான்கில் ஒரு பங்காகும். முழு வேகத்தில் 14 மீட்டர் தூக்கும் பம்ப், பாதி வேகத்தில் 3.5 மீட்டர்தான் தூக்கும். பேனலின் மேல் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த வேகத்தில் ஒரு சொட்டும் ஏறாது. அதனால் சோலார் ஓடும் நேரத்துக்கு ஒரு வேகம், வெறும் வடிகட்டலுக்கு அதைவிடக் குறைந்த வேகம் என்று இரண்டை நிரலில் வைக்க முடிகிற பம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். கட்டடம் மிக உயரமாக இருந்தால் பேனலுக்கென்று தனியாக ஒரு சின்னப் பம்ப் வைப்பது, எல்லா நேரமும் பெரிய பம்ப்பை ஓட்டுவதைவிட நல்லது.

ஏறும் பைப்பில், பம்ப் ஓடும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் இடத்தில், காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று வைக்க வேண்டும். பம்ப் நின்றதும் அது திறந்து காற்றை விடும், பேனல் தானாக வடியும். அது இல்லையென்றால் இறங்கும் தண்ணீர் உண்டாக்கும் வெற்றிடத்தில் சூடான மெல்லிய குழாய்கள் நசுங்கிப்போகலாம். சின்னப் பொருள், இதை விட்டுவிட்டுப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களே கேட்டுச் சரிபாருங்கள்.

படி 10: தண்ணீர் குளத்துக்குள் திரும்பும் இடம்

சூடான தண்ணீர் மிதக்கும். திரும்பும் வாய்களை மேல் விளிம்புக்கு அருகில் வைத்தால், சூடு மேலேயே படர்ந்து, ஸ்கிம்மர் அதையே முதலில் உறிஞ்சிப் பேனலுக்குத் திருப்பி அனுப்பும். கால் குளிர்ந்தபடியே இருக்கும். கான்கிரீட் போடும் முன், வாய்களைச் சுவரின் கீழ்ப்பகுதியிலோ தரையிலோ வைக்கச் சொல்லுங்கள், ஸ்கிம்மருக்கு எதிர்ப்பக்கமாக. ஏற்கெனவே மேலே இருக்கும் குளத்தில், வாயின் முனையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் ஓரளவு சரியாகும்.

படி 11: கட்டுப்பாட்டுக் கருவி

இரண்டு சென்சார்கள். ஒன்று பம்ப்புக்கு முன்னால் பைப்பில், குளத்து நீரின் வெப்பத்தைப் பார்க்க. இன்னொன்று கூரையில், பேனலுக்கு விழும் அதே வெயில் விழும் இடத்தில். கூரை நான்கைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் மூவழி வால்வு பேனல் பக்கம் திரும்பும். வேறுபாடு ஓரிரு டிகிரியாகக் குறைந்தால் பழையபடி மாறும். குளம் நீங்கள் வைத்த அளவை எட்டினாலும் நிற்கும். சென்சார் வயரையும் மின்சார வயரையும் ஒரே கண்டுயிட் பைப்பில் போடாதீர்கள், அளவு தவறாகக் காட்டும். பாதுகாப்புக்கும் அது சரியில்லை.

துணை ஹீட்டர் வைத்திருந்தால், அதன் அளவைச் சோலாரின் அளவைவிட ஓரிரு டிகிரி குறைத்து வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால், காலையில் வெயில் வருவதற்குள் ஹீட்டர் முந்திக்கொண்டு எரிந்துவிடும். வடிகட்டும் நேரத்தை இரவிலிருந்து பகலுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். இரவில் ஓடும் பம்ப்பால் வெயிலைப் பிடிக்க முடியாது.

வெப்பமான பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயன்: கோடையில் குளம் 33 டிகிரிக்குப் போய்விட்டால், இதே பேனலில் இரவு நேரத்தில் தண்ணீரை ஓட்டிக் குளிரவைக்கலாம். தெளிந்த வானத்துக்குப் பேனல் சூட்டை வெளியிடும். இந்த வசதி உள்ள கட்டுப்பாட்டுக் கருவியா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

படி 12: பழைய குளத்தைப் புதுப்பிக்கிறீர்களா?

அப்படியென்றால் எதை எப்போது உடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் திட்டமிடுங்கள். சுற்றுத் தளத்தைப் பெயர்க்கும் நாள்தான் படி 7-இன் பைப்புகளைப் போடும் நாள். உள்பூச்சைக் கொத்தி எடுக்கும்போது திரும்பும் வாய்களைக் கீழே இறக்கலாம். விளிம்புக் கல்லை மாற்றும்போது மூடியின் தண்டவாளத்தைப் பதிக்கலாம். பம்ப்பை மாற்றும்போது வேகம் மாற்றக்கூடியதாக வாங்கலாம். பூச்சு மட்டும் புதிதாக்கினால் போதும் என்று நினைத்து இவற்றைத் தவறவிட்டால், அடுத்த வாய்ப்புக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் குளத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள். அடியிலிருந்து தள்ளும் நீரின் அழுத்தம் வெறும் குளத்தைத் தூக்கி விரிசல் விடச் செய்யும். வறண்ட காலத்தில், பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மின் பேனலும் ஹீட் பம்ப்பும் போட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ஒரு மின் பேனல் வெயிலில் ஏறத்தாழ 20 சதவீதத்தையே மின்சாரமாக்குகிறது. ஆனால் வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, இதமான வானிலையில் நான்கைந்து யூனிட் வெப்பம் தரும். பெருக்கிப் பார்த்தால், கூரையின் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் வெப்பத்தில் அது வெப்பப் பேனலுக்குச் சளைத்ததில்லை. குளம் வேண்டாத மாதங்களில் அந்த மின்சாரம் வீட்டுக்கு உதவும். ஆனால் செலவு அதிகம், பழுதாகக்கூடிய பாகங்கள் அதிகம், குளிர் கூடினால் ஹீட் பம்ப்பின் திறன் குறையும். கூரையில் இடம் தாராளமாக இருந்து, குளத்துக்கு மட்டும் சூடு வேண்டும் என்றால் என் தேர்வு கறுப்புப் பேனல்தான். இடம் குறைவு, மின் பேனல் எப்படியும் போடப்போகிறீர்கள் என்றால் ஹீட் பம்ப். முடிவு தெரியாதவர்கள் பம்ப் ரூமிலிருந்து மின் பலகை வரை ஒரு காலி கண்டுயிட் பைப்பையும் சேர்த்துப் புதைத்துவிடலாம்.

படி 13: முதல் நாள் ஓட்டிப் பார்க்கும்போது

தொடங்கியதும் சில நிமிடங்கள் குளத்தில் குமிழ்கள் வரும். பேனலில் இருந்த காற்று அது. நின்றுவிட வேண்டும். தொடர்ந்து வந்தால் ஏறும் தண்ணீர் போதவில்லை, காற்று வால்வு உள்ளிழுக்கிறது. பம்ப் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

திரும்பும் வாயில் கை வைத்தால் வெந்நீர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சரியாக ஓடும் பேனல் தண்ணீரை இரண்டு மூன்று டிகிரி மட்டும் உயர்த்தி அனுப்பும். "சூடே இல்லையே" என்று வால்வை மூடி ஓட்டத்தைக் குறைக்கிறவர்கள் உண்டு. வரும் தண்ணீர் சூடாகத் தெரியும், ஆனால் பேனலும் சூடாகி, பிடித்ததைக் காற்றுக்கே கொடுத்துவிடும். நண்பகலில் கூரைக்கு ஏறிப் பேனலைத் தொட்டுப் பாருங்கள், தொடுவதற்குக் குளுமையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பேனல் மட்டும் சுட்டால் அதில் தண்ணீர் ஓடவில்லை.

தண்ணீர் சூடானதும் குளோரின் சீக்கிரம் தீரும், பாசி சீக்கிரம் பிடிக்கும். முதல் சில வாரங்கள் வழக்கத்தைவிட அடிக்கடி சோதித்துப் புதிய அளவைப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாலையில் பம்ப்பை நிறுத்திவிட்டுக் கட்டடத்தின் அடியில், இறங்கும் பைப்பின் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்து இறங்கும் ஓசை சில நிமிடம் கேட்க வேண்டும். கேட்டு அடங்கினால் பேனல் முழுவதும் வடிந்துவிட்டது. மூடியை இழுத்து விரித்துவிட்டு வீட்டுக்குள் போகலாம்.